தூணில்லாத பால்கனி

கொழும்பு வியாபாரத்தில் செழித்த கடலோர ஊர் ஒன்றை எங்கள் ஊரான நாசரேத்தில் ‘சின்னக் கொழும்பு’ என்பார்கள். எழுபதுகளில் அங்கே யார் வீடு புதுமாதிரி என்பதில்தான் போட்டி. தட்டையான கான்கிரீட் தளம், வளைந்து திரும்பும் சுவர், கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல் என்று ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டைத் தோற்கடிக்கப் பார்க்கும்.

அங்கே ஒரு முதலாளியின் வீட்டை வரைந்தது என் அத்தை. அப்பாவின் தங்கை, மெட்ராஸில் கட்டடக்கலை படித்தவள். எங்கள் குடும்பத்துப் பெண்கள் டீச்சராவார்கள், இல்லாவிட்டால் நர்ஸாவார்கள். பிளான் போடுகிறவளை எந்த வரிசையில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது: கல்யாணமாகாதவர்கள் வரிசையில்.

குடிபுகும் விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு. வீட்டு மாடியிலிருந்து நீளமான பால்கனி ஒன்று, கீழே ஒரு தூண்கூட இல்லாமல், முற்றத்தின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே வந்து கடலைப் பாருங்கள் என்று முதலாளி கூப்பிட்டார். ஒருவரும் நகரவில்லை. பால்கனி நிழலில் நின்றவர்கள்கூட மெல்ல விலகிப் போனார்கள்.

பெரியப்பா சும்மா இருந்திருக்கலாம். “பொம்பளப் புள்ள போட்ட பிளான்லா? பந்திய தெருவுலயே போடச் சொல்லுங்க மொதலாளி,” என்றார்.

சிரிப்பு எழுந்தது. முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. “தங்கச்சி, ஒரு தூண் குடுத்துருவமா? நாளைக்கே கொத்தனாரக் கூப்பிடுதேன்.”

“தூண் வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, “ஏளா, கடல் பாக்க வாரியா?”

நான் பதில் சொல்வதற்குள் என் கை அவள் கையில் இருந்தது. படியேறி, கூடத்தைக் கடந்து, பால்கனியின் நுனிக்கே போய்விட்டோம். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த முகங்களில் அம்மாவைத் தேடினேன், காணோம்.

“குதிக்கட்டுமா அத்தை?”

“நல்லாக் குதி.”

குதித்தேன். புதுச் செருப்பு மொசைக் தரையில் படார் படாரென்று அறைந்தது. பால்கனி அசைந்துகொடுக்கவே இல்லை. தென்னை மரங்களுக்கு அந்தப் பக்கம் நீலமாய்க் கடல், அதில் ஒரு கப்பல். “கப்பல் தெரியுது! எல்லாரும் வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

முதலாளியின் பிள்ளைகள் முதலில் ஓடிவந்தார்கள். பின்னால் முதலாளி, அவர் பின்னால் ஊரே. இடம் பிடிக்க இடித்துக்கொண்டார்கள். கடைசியாக வந்த பெரியப்பா, சுவரோரமாகவே ஒட்டி நின்று, “எங்க தங்கச்சி போட்ட பிளானாக்கும்,” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு ராணியைப்போல உட்கார்ந்திருந்தேன். குதித்தவள் நான்தானே. ஆனால் அம்மாமேல் மட்டும் கோபம்.

“நான் குதிச்சத நீ பாக்கவே இல்ல.”

“பால்கனிக்கு நேர் கீழ நின்னா எப்பிடிளா தெரியும்?” என்றாள் அம்மா.

எல்லோரும் விலகிப் போன இடத்தில் அவள் மட்டும் ஏன் போய் நின்றாள் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.