குப்பைத் தொட்டியில் நிறுத்திய பஸ்கள்

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இடுப்பு முன்போல் வளைவதில்லை என்றாலும் டிரைவர் வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. பகலெல்லாம் அங்கேதான் இருப்பேன்.

பஸ் ஓட்டிய காலத்தில் வண்டிமேல் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். சொந்த வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டு போயிற்று. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கும். மணம் செய்துகொள்ளவில்லை. கூட இருப்பவள் தங்கை, ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். சில நேரம் அதுவே வினையாகும்.

டிரைவருக்குப் பொழுது கம்ப்யூட்டரில் போனது. பஸ் ஓட்டும் விளையாட்டு. அதில் நாமே வண்டி செய்து சேர்த்துக்கொள்ளலாம். தன் டிப்போவில் ஓடிய பஸ்களை அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். கிழிந்த சீட், வளைந்த கம்பி, எந்தக் காலத்திலும் மூடாத ஜன்னல், எல்லாம் அப்படியே. ஒரு வண்டிக்கு மாதக்கணக்கில் ஆகும். படுத்த பிறகு அவர் செய்த வேலை என்று சொல்ல அது ஒன்றுதான்.

பழைய கம்ப்யூட்டருக்கு இளைப்பு. எல்லா வண்டியையும் சேர்த்து ஏற்றினால் அப்படியே நின்றுவிடும். அதனால் அன்றைக்கு ஓட்டுகிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை டெலீட் செய்து ‘ரீசைக்கிள் பின்’ என்கிற குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடுவார். வேண்டும்போது ரீஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்தில் தானாகப் போய் நிற்கும். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து இழுத்துப்போடுவது இரண்டு விரலால் ஆகிற காரியமா? அவர் அளவில் அந்தக் குப்பைத் தொட்டிதான் ஷெட். பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது தெரியாது. தங்கைக்கும் தெரியாது.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. விடுமுறை நாளாகப் பார்த்துத் தங்கை பென் டிரைவோடு உட்கார்ந்தாள்.

"அண்ணா, உன் பஸ்ஸையெல்லாம் இன்னைக்கே குடி மாத்திடறேன்."

"பாத்து ஓட்டும்மா. உள்ள பாசஞ்சர் இருக்காங்க."

"ஆமா, டிக்கெட் எடுக்காத பாசஞ்சர்."

அதற்குள் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப் புண் வரும்.

"சிஸ்டரம்மா, இன்னைக்கு ஒரு நாள் விடக்கூடாதா? இங்க வேலை நடக்குதுல்ல."

"புண்ணுகிட்ட லீவு கேளு தம்பி. அது குடுத்தா நானும் குடுக்கறேன்."

சுவர்ப்பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டுத் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சத்தம் வந்தது.

"என்னம்மா சத்தம் அது?"

"குப்பையைக் கொட்டினேண்ணா. வீடு மாறும்போது குப்பையையும் யாராவது மூட்டை கட்டுவாங்களா?"

அவர் சுவரைப் பார்த்தபடியே, "அதுலதாம்மா என் வண்டியெல்லாம் நிக்குது" என்றார்.

தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. திரையில் எதையெதையோ திறந்து பார்த்தாள். மாற்றுவதற்கு அங்கே ஒரே ஒரு பஸ்தான் இருந்தது.

"குப்பைத் தொட்டியிலயா கொண்டுபோய் நிறுத்துவ? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கொட்டறதுக்கு முன்னாடி நீயும் கேட்டிருக்கலாம்ல?"

இரண்டு பேரும் சொன்னது சரிதான். நான் அவரை மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன். நேரம் ஆகவில்லைதான், பரவாயில்லை. அழுகிற தங்கையை அவர் சுவரிலா பார்க்க முடியும்?

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டதில், உடனே அணைத்துவிட்டு அதைத் தொடாமல் இருக்கச் சொன்னார். மறுநாள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும்வரை டிரைவர் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கை நாற்காலியிலேயே தூங்கினாள். நான் வேளைக்கு வேளை அவரைத் திருப்பிப் படுக்கவைத்தேன். ஆறுதல் சொன்னால் வண்டி வந்துவிடுமா என்ன?

வந்தது பாதிதான். அதையும் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தோம். ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, இன்னொன்றுக்கு ஒரு பக்கத் தகடே இல்லை. டிரைவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆக்ஸிடென்ட் ஆன வண்டி மாதிரி இருக்கு. நான் ஆக்ஸிடென்டே பண்ணதில்ல."

"சரி பண்ணிடலாம்ணா" என்றாள் தங்கை.

"ஒட்டுப் போடறதுக்குப் புதுசா செய்யறதே மேல். நீ போய்ப் படும்மா. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குத்தான் தூக்கம் வருது."

அவள் போனாள். அவர் விரல்கள் வெகுநேரம் அசையாமல் கிடந்தன. இனி இது வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அப்படிச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"சிஸ்டரம்மா, டவுன் பஸ்ல கடைசி சீட்டு நீலமா, பச்சையா?"

"நான் எப்பவும் முன்னாடி நின்னுதான் வந்திருக்கேன். பின்சீட்டை யார் கண்டா?"

"பஸ்ல ஏறியும் பிரயோஜனமில்ல" என்று சலித்துக்கொண்டு நீலத்தை எடுத்தார். முதல் கோடு கோணலாகப் போயிற்று. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த சீட் முடியட்டும் என்று டவலை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன்.