ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும்

ஏற்காட்டில் ஒரு தங்கும் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் ஸ்தனிஸ்லாஸுக்கு இருபத்திரண்டு வருட உதவியாளர் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பள்ளியில் ஐ.பி. என்கிற வெளிநாட்டுப் பாடத்திட்டம் வந்ததும் அவர் வேலையும் மாறிப்போனது. முன்பெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பரிசோதனையைச் செய்வார்கள். இப்போது பதினொன்று, பன்னிரண்டில் படிக்கிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கேள்வியைப் பிடித்து, அளந்து, அறிக்கை எழுத வேண்டும். ஒருத்திக்கு மிளகு, இன்னொருவனுக்கு ஏரித் தண்ணீர். பிள்ளைகளின் பெயர் மறந்தாலும் அவர்கள் செய்த பரிசோதனை அவருக்கு மறக்காது.

அந்த டிசம்பரில் ஜெஸ்லின் என்ற பெண் ஆரஞ்சை எடுத்திருந்தாள். பிழிந்த சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால் பதினான்கு நாளில் வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது என்பது கேள்வி. ஐந்தாம் நாள் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. மீதி நாட்களுக்கு ஸ்தனிஸ்லாஸ் அளக்கட்டும், அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும் என்று வேதியியல் ஆசிரியர் பென்னி சார் ஏற்பாடு செய்தார். தினமும் காலை பத்து மணிக்கு, மாவுக் கரைசல் கலந்த சாற்றில் பியூரெட் குழாயிலிருந்து அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சாறு நீலமாகும் இடத்தில் நிறுத்தி, அளவைக் குறித்துவைப்பார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் மனைவி சாந்தாமேரி காப்பிப் பழம் பறிக்கக் கிளம்பும்போது நெஞ்சு அடைக்கிறது என்றாள். வண்டி பிடித்துச் சேலத்துக்கு இறங்கினார்கள். மலை வளைவுகள் முடிவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. மறுநாள் அடக்கம். மண் போடும்போது கை சில்லென்று இருந்தது ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஆய்வகத்தில் நின்றார்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் பென்னி சார்.

"பதினொண்ணாவது நாளுங்க சார்."

சார் குளிர்பெட்டியைத் திறந்து சாற்றை எடுத்துக் கொடுத்தார்.

உடம்பு தேறி வந்த ஜெஸ்லின் அட்டவணையைப் பார்த்தாள். இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

"அண்ணா, இந்த ரெண்டு நாள்?"

"நான் வரல கண்ணு. ஊட்ல தவறிட்டாங்க."

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள். அவள் தவிப்பது ஸ்தனிஸ்லாஸுக்குப் புரிந்தது. உதவலாம் என்று தோன்றியது.

"எட்டாவது நாள் இருக்குது, பதினொண்ணாவது நாள் இருக்குது. நடுவுல ரெண்டு நம்பர் போட்டுக்கோ சாமி. நொம்பத் தப்பா வராது."

"வேண்டாம்ணா. அன்னிக்கு யாரும் அளக்கல. அப்படியே எழுதிடறேன்."

ஜனவரியில் அறிக்கை முடிந்ததும் அட்டவணை இருந்த பக்கத்தைப் பென்னி சார் ஸ்தனிஸ்லாஸிடம் காட்டினார். ஆய்வக உதவியாளரின் வீட்டில் ஏற்பட்ட மரணத்தால் ஒன்பதாம், பத்தாம் நாட்களில் அளக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஸ்தனிஸ்லாஸ் எழுத்துக்கூட்டிப் படித்தார். வரைபடத்தில் எட்டு வரை புள்ளிகள் சீராக இறங்கின. பிறகு வெறும் வெள்ளைத் தாள். பதினொன்றில் மறுபடி தொடங்கின.

"சார், இதுல ஊட்டுக்காரி பேரு போடலாங்களா?"

"யார் பேரும் போடக் கூடாதுங்க. பிள்ளை பேரு, ஸ்கூல் பேரு கூட இருக்கக் கூடாது. ஐ.பி.காரங்க விதி அப்படி."

"செரிங்க சார்."

போய் பியூரெட்டைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியதுதான்.

ஜூலையில் முடிவு வந்தது. ஜெஸ்லினுக்கு நல்ல மதிப்பெண். மேற்படிப்புக்குக் கிளம்பும் முன் போனில் கூப்பிட்டாள். என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில், "அக்கா பேரு என்னங்கண்ணா?" என்று கேட்டாள். அவர் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது அவருக்கே விநோதமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து மகன் மெல்வின் வந்தான்.

"எங்கூட வந்துருங்கப்பா. இங்க தனியா என்ன பண்றீங்க?"

"புதுப் பிள்ளைங்க அடுத்த மாசம் பரிசோதனைய ஆரம்பிச்சிருவாங்க."

"உங்களுக்குப் பதிலா ஆள் போட மாட்டாங்களா?"

"போடுவாங்க," என்றார் ஸ்தனிஸ்லாஸ். தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தார். குழம்பு ஊற்ற மறந்திருந்தார். மெல்வின் எழுந்து போய் ஊற்றினான்.