மன்னார்குடி வரை ஒரு கைது

அம்மா விமானத்தில் ஏறியது அந்த ஒரு முறைதான். திருச்சி விமான நிலையம் அப்போது மிகச் சிறியது. இறங்கியவர்கள் ஓடுதளத்தின் ஓரமாக நடந்தே கட்டடத்துக்குள் வந்தார்கள். அம்மாவை மட்டும் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அவள் மடியில் இருந்த துணிப்பையில் விமானத்தில் கொடுத்த கேக்கும் மிட்டாயும் அப்படியே இருந்தன.

"சாப்பிடலையாம்மா?" என்று பக்கத்தில் நடந்து வந்த நான் கேட்டேன்.

"வீட்டுல காட்டணும்ல."

சென்னையில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். நான் அங்கே ஒரு நாளிதழில் செய்தியாளன். தையல் ஆறும்வரை என்னோடு இருக்கச் சொன்னேன். நாற்றங்கால் என்ன ஆச்சோ என்ற கவலையில் அவள் கேட்கவில்லை. எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம். கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வெகுகாலம் கழித்து வந்த நிலம். பஸ் குலுக்கலும் ரயில் குலுக்கலும் கூடாது என்று டாக்டர் சொன்னதால் விமானம். அங்கிருந்து காரில் மெதுவாகப் போகலாம். வழியில் கால் நீட்டிப் படுக்க வேண்டும். வயிற்றுக் கட்டு நனைந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். தையல் விட்டுப்போயிருந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான்.

வேப்பமரத்தடியில் நின்ற அம்பாசடர் ஒன்றைப் பிடித்தேன். டிரைவர் ஊர் பெயரைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"தஞ்சாவூர் வரைக்கும் தொந்தரவு இல்ல சார். அந்தாண்ட போனா மறியல்."

"யாரு பண்றாங்க?"

"தண்ணிக்குத்தான். போன ஆட்சியில அவங்க உட்கார்ந்தாங்க, இந்த ஆட்சியில இவங்க உட்கார்றாங்க. ரோடு மட்டும் அதே ரோடு."

முடிந்தவரை போய்ப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். தஞ்சாவூரைச் சிரமமில்லாமல் தாண்டினோம். பின்சீட்டில் அம்மாவால் கால் நீட்ட முடியவில்லை. மடக்கிப் படுத்தால் தையல் இழுத்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தாள். வடுவூர் ஏரியைக் கடந்து கொஞ்ச தூரத்தில் கார் நின்றது. எதிரே சாலையின் குறுக்கே இரண்டு டிராக்டர்கள். அவற்றுக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் தரையில் உட்கார்ந்திருந்தது. பலர் கையில் மஞ்சளாகிப்போன நாற்றுக் கட்டு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பஸ்களும் லாரிகளும் வந்து அடைத்துக்கொண்டன.

அம்மா மெல்லச் சொன்னாள். "கட்டு ஈரமா இருக்குடா."

"ரத்தமா?"

"எப்படிப் பார்க்குறது? சுத்தி ஆம்பளைங்க."

பக்கத்து பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து காருக்குள் நன்றாகத் தெரியும். இருபுறமும் திறந்த வயல். டீக்கடை சாத்தியிருந்தது. நான் இறங்கிப்போய், பச்சைத் துண்டு போட்டிருந்த ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி கேஸா? நாங்க தாராளமா விடுறோம் சார். ஆனா அடுத்த ஊர்ல வேற கட்சி. அதுக்கடுத்து வேற சங்கம். மன்னார்குடி வரைக்கும் இப்படித்தான். ஒவ்வொரு எடத்துலயும் நீங்க கதை சொல்லணும்."

டிரைவர் அதற்குள் காரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவனாவது ஒருத்தன் கல்ல வுட்டா ஓனருக்கு நான்தான் சார் பதில் சொல்லணும். வழி கிடைச்சா திரும்பிடறேன்."

அப்போதுதான் போலீஸ் ஜீப்பும், அதன் பின்னால் காலியாக இரண்டு அரசு பஸ்களும் எதிர்த்திசையிலிருந்து வந்தன. இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியில், எல்லோரும் கைது செய்யப்படுவதாகவும் ஒழுங்காக ஏறும்படியும் சொன்னார். எங்கே கொண்டுபோவார்கள் என்று ஒரு காவலரைக் கேட்டேன். மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபம் என்றார்.

'கைது செய்யப்பட்டு, மண்டபத்தில் வைக்கப்பட்டு, மாலையில் விடுவிக்கப்பட்டனர்' என்ற வரியை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். கைதானவர்களை ஏற்றிப்போகும் வண்டியை எந்த மறியல்காரரும் மறிப்பதில்லை. மண்டபம் என்றால் மணப்பெண் அறை இருக்கும்; அதற்குத் தாழ்ப்பாள் இருக்கும். காருக்குத் திரும்பி, நாமும் அந்த பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு, "சும்மா போய் ஏறக்கூடாது" என்றாள். "மறியல் பண்ணிட்டுத்தான் ஏறணும்."

"அம்மா, கட்டு ஈரமா இருக்குங்கிறே."

"நமக்கும் நாத்து காயுதுல்ல?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள். உட்கார முடியாது. ஒரு கை வயிற்றை அழுத்தியிருந்தது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் நாற்றுக் கட்டை வாங்கி மறு கையில் வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க கார்ல வந்தவங்கதானே? போய்க் கார்ல உட்காருங்க."

"கார்ல வந்தா நெலம் இருக்கக் கூடாதா?"

"பார்த்தாலே உடம்பு முடியலன்னு தெரியுது. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

அம்மா நாற்றைத் தூக்கிப் பிடித்து, "தண்ணி குடு! தண்ணி குடு!" என்றாள். குரல் பெரிதாக எழும்பவில்லை. ஆனால் கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

"சார், அத்தை கோஷம் போட்டுட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். "இனிமே அவங்களை விட்டுட்டுப் போனா பாரபட்சம்!"

சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. "ஏத்திக்கங்கய்யா" என்றார். டிரைவருக்குக் கணக்கு முடித்துவிட்டுப் பையோடு நானும் ஏறினேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பஸ்ஸின் கடைசி நீள சீட்டில், ஜரிகை வேட்டியும் குடையுமாக ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அம்மா என் காதில் அவருடைய பண்ணையின் பெயரைச் சொன்னாள். நான் சிறுவனாக இருந்தபோது, கூலித் தகராறில் அவர் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார். அம்மாவும் மற்றப் பெண்களும் அவர் வயலில் இறங்கி மறித்தார்கள். அந்தக் கைதுக்கு மண்டபம் கிடையாது. மூடிய லாரியும் திருச்சி ஜெயிலும்தான்.

அவருக்கு அம்மாவை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவள் நின்ற விதத்தைப் பார்த்து எழுந்து முன்சீட்டுக்கு மாறினார். அம்மா கால் நீட்டிப் படுத்தாள். பஸ் கிளம்பிச் சற்று நேரத்தில் அவர் பின்னால் திரும்பினார்.

"சாயங்காலம் விட்டுருவாங்கல்ல?"

"விட்டுருவாங்க" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "பயப்படாதீங்க."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. பிரஷர் மாத்திரை வீட்டுல இருக்கு."

"சொல்லி அனுப்புங்க. கொண்டாந்து குடுக்க விடுவாங்க."

அவர் திரும்பிக்கொண்டார். வழியில் ஒவ்வொரு மறியலிலும் கூட்டம் எழுந்து வழிவிட்டது, எங்களை வாழ்த்தி முழங்கியது. ஓரிடத்தில் ஜன்னல் வழியாக வாழைப்பழச் சீப்பு ஒன்று உள்ளே வந்தது. நான் அம்மாவின் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறை எதுவும் வெளியே தெரியவில்லை. அதனால் தைரியம் வந்துவிடவும் இல்லை.

மண்டபத்தில் முந்தைய கல்யாணத்தின் வாழைமரங்கள் வாசலில் காய்ந்து நின்றன. மேடையில் மணமக்கள் பெயர் எழுதிய தெர்மாகோல் எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. பெண் காவலர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மாவை மணப்பெண் அறைக்குக் கூட்டிப்போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றேன். உள்ளே பேச்சுக் குரல். பிறகு பேச்சே இல்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போன ஒருவர் என்னை இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார்.

கதவு திறந்தது. காவலர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வேர்வைதான் சார். தையல் நல்லாக் காஞ்சிருக்கு. எங்க அக்காவுக்கும் இதே ஆபரேஷன், நான்தான் கட்டு மாத்துவேன். மேல்துணியை எடுத்துட்டு வேற வெச்சிருக்கேன். முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? போய்ச் சாப்பிடுங்க."

முதலில் உட்கார்ந்தேன். பிறகு அம்மாவுக்கு இலையில் சோறு வாங்கிக்கொண்டு போனேன். மறுசோறு கேட்டாள். சாம்பாரில் உப்பு குறைவு என்றாள். கேக்கையும் மிட்டாயையும் பையிலிருந்து எடுத்துப் பெண் காவலரிடம் கொடுத்துவிட்டு, கட்டிலில் கால் நீட்டித் தூங்கிவிட்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

மாலையில் இன்ஸ்பெக்டர் மேடையேறி எல்லோரையும் விடுவித்துவிட்டதாகச் சொன்னார். சாலைகள் திறந்துவிட்டன, பஸ் ஓடத் தொடங்கிவிட்டது என்றார். பண்ணைக்காரர்தான் முதலில் வெளியேறினார். நான் இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

"சார், அம்மா நல்லாத் தூங்குறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் அவங்களைக் கைதுலயே வெச்சுக்க முடியுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் எப்ப விடுவீங்கன்னுதான் என் உயிரை எடுப்பாங்க" என்றார். "கைது முடிஞ்சுபோச்சு சார். மண்டபம் காலியாத்தானே கிடக்கு? வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போறேன். அவங்களா எழுந்திருக்கட்டும்."