மழை மாசத்துப் பந்தயம்

எங்கள் விருத்தாசலத்துக்குப் பேரில்தான் மலை. ஊருக்குள் ஏறுவதென்றால் ஜங்ஷனில் பிளாட்பாரம் தாண்டுகிற படிக்கட்டுதான் உண்டு. அந்தப் படிக்கட்டில் என் மனைவி சாயங்காலம் தவறாமல் ஏறி இறங்கிப் பழகினாள். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிற நான் சவாரியை விட்டுவிட்டு அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பீங்கான் பொம்மை செய்கிற யூனிட்டில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சுரண்டுகிற வேலை. வீட்டுக்கு வரும்போது அந்தத் தூசியில் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கொஞ்ச காலமாக இருமல் வேறு. தூசி இல்லாத வேலையாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் மூச்சு எனக்குத் தெரியாதா? நல்லாத்தான் இருக்குது" என்பாள் இவள். தினம் ஒரு சண்டை. கடைசியில் அது ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. கல்வராயன் மலையில் அடிவாரத்திலிருந்து மேலே இருக்கிற ஊர்வரைக்கும் ஒரு பழைய நடைபாதை உண்டு. அதில் அவள் ஏறி முடித்துவிட்டால் வேலையைப் பற்றி நான் வாயே திறக்கக் கூடாது. பாதியில் மூச்சு வாங்கித் திரும்பினால் அவள் வேலையை விட்டுவிட வேண்டும்.

"பொங்கல் முடியட்டும், போவலாம்" என்றேன்.

"இல்லீங்க. இப்பவே போவணும்."

"வெளிய பாரு, மழை ஊத்துது."

"ஊத்தட்டும்."

ஏன் மழையில்? எனக்கு அது மண்டையைக் குடைந்தது. வேண்டுதல் ஏதாவது இருக்குமோ என்று அவள் அண்ணியிடம் போன் போட்டு விசாரித்தேன். அவருக்கும் தெரியவில்லை. கள்ளக்குறிச்சி போகிற பஸ்ஸில் வழியெல்லாம் நச்சரித்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி வந்தாள்.

அடிவாரத்தில் இறங்கியபோது தூறல்தான். கொஞ்ச தூரம் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. என் குடை காற்றில் மடங்கிப் போனது. அவள் உஷாராக உரச்சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பாதையே வாய்க்காலாகி, செம்மண் தண்ணீர் எங்கள் காலுக்கிடையில் ஓடியது. எதிரே மரவள்ளி மூட்டையோடு இறங்கி வந்த ஒருவர் நின்று, "பஸ்ஸு போவுதே, ஏன் இந்த மழையில நடக்கறீங்க?" என்று கேட்டார். "அதத்தாங்க நானும் கேக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். இவள் திரும்பியே பார்க்கவில்லை.

அவளுடைய இருமலுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு இருமல் வந்தால் போதும், திரும்பலாம் என்று சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்னால் அவள் தோற்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஆனால் வழியில் ஒரு ஓடை பெருகி ஓடியது. அதில் இறங்கியவள் கால் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தபோது, இவள் எப்படியாவது மேலே போய்ச் சேரட்டும் என்று மனசு அப்படியே மாறிப்போனது. எழுந்து புடவையைப் பிழிந்து செருகிக்கொண்டு நடந்தாள். மூச்சு இரைத்தது என்னவோ எனக்குத்தான். ஆட்டோவில் உட்கார்ந்தே வளர்ந்த தொப்பை. பாறைக்குப் பாறை நான் உட்கார, அவள் நின்று, "என்னங்க, திரும்பிடலாமா?" என்று நக்கல் பண்ணினாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மலை என்று பார்க்க ஒன்றுமே இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளையாக மேகம். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை மட்டும் தெரிந்தது. இரண்டு டீ வாங்கினேன். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டாள்.

"இப்ப சொல்றேன் கேளுங்க. மழை மாசம்னா எனக்கு இருமலே வராது. மழையில பொம்மை காயாதில்ல? காயலைன்னா சுரண்டற வேலை கெடையாது. சுரண்டலைன்னா ஏது தூ..."

அந்த வார்த்தையை முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னது அவளுக்கே அப்போதுதான் கேட்டது போலிருந்தது. நான் வாய் திறக்கக் கூடாது, பந்தயத்தில் அவள்தான் ஜெயித்திருந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கீழே போகிற பஸ் வந்தது. ஈரத்தோடு ஏறி உட்கார்ந்தோம். நாலைந்து வளைவு இறங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஜெயிச்சது யாருங்க?"

"நீதான்."

"நல்லா சொல்லுங்க."

"நீதாம்மா ஜெயிச்ச."

"அப்ப வேலைய வுட்டு நின்னுக்கறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. யாராவது கேட்டா, தோத்துப்போயி நின்னான்னு சொல்லக் கூடாது. மலை ஏறிட்டு நின்னான்னு சொல்லணும்."