எட்டடி நீளச் சாமி அறை

என் மகன் விருத்தாசலத்தில் புது வீடு கட்டத் தொடங்கியபோது எனக்கென்று விடப்பட்ட பொறுப்பு பூஜை அறை மட்டும்தான். மற்றதையெல்லாம் அவனும் இன்ஜினியரும் செல்போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மகன் பெங்களூரில், வீடு இங்கே, நடுவில் நான். ரயில்வே சரக்குப் பிரிவில் வேகன்களை எண்ணியே ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. வரைபடத்தில் பதினொரு ஜன்னல், ஒன்பது கதவு, முப்பத்தெட்டு பிளக் பாயின்ட் இருந்தன. பூஜை அறை மட்டும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சதுரமாக ஒடுங்கிக் கிடந்தது.

"தலைமேல எல்லாரும் செருப்போட ஏறி எறங்குவாங்க, கீழ சாமியா தம்பி?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன். பையன் நல்லவன். ஈசானிய மூலைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னான். "அளவு மட்டும் நீங்க சொல்லிடுங்க சார்" என்றான்.

அளவு சொல்வதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. குத்துவிளக்குக்கு எத்தனை அங்குலம், மணி அடிக்கிற கைக்கு எத்தனை, விழுந்து கும்பிடும் என் முழங்கால்களுக்கு எத்தனை? டைல்ஸ் கடைக்காரர் வேறு, லட்சுமி படம் போட்ட டைல்ஸைச் சுவர் முழுக்க ஒட்டலாம் என்று காட்டினார். எண்ணிப் பார்த்தேன், அறுபது லட்சுமி வந்தது. எந்த லட்சுமிக்குக் கற்பூரம் காட்டுவது? கடைசியில், பழைய வீட்டுச் சாமி அறையை அளந்து அதே அளவைக் கொடுத்துவிடலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த அறையை நான் அளப்பது அது முதல் முறை அல்ல. எட்டு வயதில் அதைத் தினமும் சாண் போட்டு அளந்திருக்கிறேன்.

எங்களுடையது மண்ணில் பிழைத்த குடும்பம். பெரியப்பா சக்கரத்தில் உட்கார்ந்து பானை வனைந்தவர். ஊருக்குப் பீங்கான் கூடங்கள் வந்தபோது அப்பா அவற்றில் ஒன்றில் அச்சு செய்யும் வேலைக்குப் போனார். பிள்ளையார் பொம்மையோ ஊறுகாய் ஜாடியோ எதுவானாலும் முதலில் அப்பாவின் அச்சு வேண்டும். ஆனால் கேட்ட அளவில் அச்சு செய்யக் கூடாது. மண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். எட்டங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு போட வேண்டும். ஒருநாள் அப்பா பச்சை மண் பிள்ளையாரையும் வெந்த பிள்ளையாரையும் அருகருகே வைத்து எனக்குக் காட்டினார். இருவரும் ஒரே அச்சில் பிறந்தவர்கள். வெந்தவர் உயரம் குறைந்து, தொப்பையும் இளைத்து, மற்றவருக்குத் தம்பி மாதிரி இருந்தார். மண்ணால் செய்த எதுவும் சுருங்கும் என்று அன்றே என் மனதில் பதிந்துவிட்டது.

அந்த வருஷம்தான் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சேத்தியாத்தோப்பிலிருந்து கைக்குழந்தையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்து இறங்கினார். மாமா இன்னொருத்தியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. அத்தை பல்லாங்குழியில் என்னை ஜெயிக்க விடமாட்டார், அதனால் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீட்டில் இடமில்லை. நாங்கள் மொத்தம் பதினோரு பேர். அத்தைக்குக் கிடைத்தது அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடுவிலிருந்த நடை. நெல் மூட்டைகளை ஒட்டிப் பாயை விரித்துக் குழந்தையோடு படுத்துக்கொள்வார். பின்பக்கம் போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தனியாக ஓர் அறை போட்டுக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டபோது பெரியப்பா எல்லோர் காதிலும் விழும்படி மறுத்துவிட்டார்.

"அவளுக்குன்னு ஒரு ரூம் போட்டம்னு வெச்சிக்க, அந்தாளு அதையே சாக்கா வெச்சி வந்து கூப்புடவே மாட்டான். 'அண்ணங்காரனுங்க வூடு கட்டிக் குடுத்து வெச்சிக்கிட்டானுங்க'ன்னு சேத்தியாத்தோப்புல பேசுவாங்க. வேணாம்."

அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணன் எதிரில் அவர் பேசி நான் பார்த்ததும் இல்லை.

சில நாள் கழித்து அத்தை தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா தடுத்தார். "இங்க எல்லாருக்கும் எடஞ்சலா கெடக்குறதுக்கு, அங்க போயி ஒரு மூலையில கெடக்குறேன் அண்ணி. போயிட்டு வரேன்" என்றார் அத்தை. நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கூடத்தில் அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் பார்த்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று அத்தை போகவில்லை. ஆனால் பெட்டி அடுக்கியபடியே இருந்தது.

பெரியப்பாவுக்குச் சாமிக்கென்று தனி அறை கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களில் விளக்குப் புகை படிந்து, முருகன் யார் மயில் யார் என்று தெரியாமல் போயிருந்தது. அந்த மாதமே வேலையைத் தொடங்கச் சொன்னார். "அஞ்சடி நீளம், நாலடி அகலம் போதும். ஒரு ஆளு நின்னு கும்புடணும், அவ்ளோதான்" என்று சொல்லி, கொத்தனாருக்கு அளவு கொடுக்கும் வேலையை அப்பாவிடம் விட்டார். அளவு என்றால் எங்கள் வீட்டில் அப்பாதான். பெரியப்பா தினமும் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். சுவர் எழும்பியது, ஓடும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில்தான் பெரியப்பா உள்ளே போய் நின்று சத்தம் போட்டார்.

"டேய் தம்பி! இது சாமி ரூமா, நெல்லு கொட்டுற குதிரா? நான் அஞ்சடிதானே சொன்னேன்?"

அப்பா தலையைச் சொறிந்தார். "அச்சு நெனப்புலயே அளவக் கூட்டிச் சொல்லிட்டேன் போலண்ணே. சுருக்கத்துக்குன்னு சேத்துச் சேத்துப் பழகிப்போச்சி."

ஒரு நொடி பெரியப்பா அப்பாவையே பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "செங்கல்லு சூளையில வெந்து வந்ததுடா! இனிமே அது எங்கடா சுருங்கும்?" கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சாமி காலார நடந்துட்டு வரட்டும்னு வுட்டிருக்காரு" என்று அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பெரியப்பா அதோடு விடவில்லை. டீக்கடையில் சொன்னார். பழமலைநாதர் கோயில் வாசலில் சொன்னார். சேத்தியாத்தோப்பு பஸ் கண்டக்டரைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். "எந்தம்பி கட்டுன சாமி ரூமு வேவும்போது அளவுக்கு வந்துடுமாம்!" ஊர் முழுக்கச் சிரித்தது. ஸ்கூலில் பையன்கள் எனக்குச் சுருக்கம் என்று பேர் வைத்தார்கள். அப்பா மட்டும் எதையும் மறுக்காமல் எல்லோரோடும் சேர்ந்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அறையின் கிழக்குச் சுவரை ஒட்டிச் சாமி அலமாரி வந்தது. சின்னச் சின்ன மணிகள் கட்டிய இரட்டைக் கதவு. தூக்கு விளக்கு மாட்ட என்று உத்தரத்தில் அப்பா ஒரு கொக்கி அடித்திருந்தார். வேப்பமரத்துப் பக்கம் ஒரு ஜன்னலும் வைத்திருந்தார். படங்கள் எல்லாம் ஏறிய பிறகும் பாதி அறைக்கு மேல் காலியாகக் கிடந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பா இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ்ளோ எடம் சும்மாதானே கெடக்குது. அலமாரியச் சாத்திட்டா சாமி அவரு வூட்ல, நாம நம்ம வூட்ல. புள்ளையோட அதுல படுத்துக்கச் சொல்லு. அவன் வந்து கூப்புடுற வரைக்கும்தான்."

வீட்டுப் பெண்கள் ஒதுங்கியிருக்கும் நாட்களில் அத்தையும் பின்கட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அன்றே தகரப் பெட்டி சாமி அறைக்குப் போனது. தூக்கு விளக்கு வரவே இல்லை. அந்தக் கொக்கியில் அத்தை புடவையால் தூளி கட்டினார்.

"ரொம்ப நீட்டிப் படுக்காத. வெயிலு ஏறினா சுவரு சுருங்கிடும், அப்புறம் காலு வெளிய வந்துடும்" என்று பெரியப்பா அவரைக் கேலி செய்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அத்தை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையாரின் தொப்பை இளைத்ததை நான் கண்ணால் பார்த்தவன். இந்த அறையும் மண்தான். அறை சுருங்கினால் பாய் விரிக்க இடமிருக்காது. பாய்க்கு இடமில்லாவிட்டால் அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே தினமும் ஸ்கூலுக்குப் போகும் முன் நீளச்சுவரின் ஓரமாக மண்டியிட்டு, அலமாரிச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை சாண் போட்டேன். பதினாறு சாண். மழை பெய்த மறுநாளும் பதினாறு. கத்திரி வெயிலிலும் பதினாறு. எல்லாவற்றையும் எண்ணுகிறான் கிழவன் என்று இன்று என் மகன் சலித்துக்கொள்கிறானே, அந்தப் பழக்கத்துக்குப் பிறந்த இடம் அதுதான்.

அடுத்த வருஷம் ஒருநாள் பதினைந்துதான் வந்தது. மறுபடி போட்டேன். பதினைந்தேதான். ஓடிப்போய் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அத்த, ரூமு சுருங்கிடுச்சி!"

அத்தை பதறி வந்து, நான் காட்டிய இடத்தில் குனிந்து தானும் சாண் போட்டார். "ஐயையோ, எனக்குப் பன்னெண்டுதான்டா வருது! இப்பவே மூட்டையக் கட்டிடட்டுமா?" என்றார். நான் இன்னும் ஓங்கி அழுதேன். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் பாயை இழுத்து விரித்தார். "பாரு, பாயி முடிஞ்சும் எம்மாம் எடம் கெடக்குது பாரு! நீயே வந்து உருளு." நான் உருண்டேன். குழந்தையும் என்மேல் ஏறி உருண்டது. பாய்க்கு இடமிருக்கிறது, அது போதும் என்று அழுகையை நிறுத்தினேன். என் கை வளர்ந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா வரவே இல்லை. அத்தை பீங்கான் கூடத்தில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குப் போனார். தூளியில் தூங்கியவள் அந்த ஜன்னல் வெளிச்சத்தில் படித்து நர்ஸ் ஆனாள். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். அந்த நன்றியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பழைய வீட்டில் இப்போது பெரியப்பா மகன் இருக்கிறார். டீ போடச் சொல்லிவிட்டுச் சாமி அறையில் என்னைத் தனியே விட்டார். டேப்பை இழுத்தேன். நீளம் சரியாக எட்டடி. அகலத்தை அளந்தேன். சரியாக நாலடி. சந்தேகம் வந்து இன்னொரு முறை அளந்தேன். நாலடிக்கு ஒரு நூல்கூட அதிகமில்லை.

முழங்கால் வலியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டங்குலத்துக்கு ஒரு அங்குலம் என்று கூட்டினால் அஞ்சடி ஐந்தே முக்காலைத் தொடாது. எட்டடி எப்படி வரும்? அதுவும் போகட்டும். மண் சுருங்கினால் நீளத்தில் மட்டுமா சுருங்கும்? தொப்பையும் அல்லவா இளைக்க வேண்டும்? பழக்கத்தில் கூட்டிய கை அகலத்தை எப்படி விட்டுவைத்தது? அண்ணாந்து பார்த்தேன். கொக்கி அப்படியே இருந்தது. எதிரில் ஜன்னல். சாமிக்கு எதற்கு ஜன்னல்? வாழ்நாள் முழுக்க அளவில் பிசகாத அப்பா, ஊர் சிரிக்க ஒரே ஒரு முறை பிசகியிருக்கிறார், ஒரு ஆளும் ஒரு தூளியும் கொள்ளுமளவுக்கு.

இதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு டீயை வாங்கி ஒரு வாய் குடித்த பிறகுதான் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. சக்கரத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவர் அவர். மண் எல்லாப் பக்கமும் சுருங்கும் என்பது அவருக்குத் தெரியாதா? அடித்தளம் தோண்டிய நாள் முதல் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தவர், ஓடு போடும் வரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? தங்கைக்கு அறை கட்டினோம் என்ற பேச்சு சேத்தியாத்தோப்புக்குப் போகக் கூடாது. முட்டாள் தம்பி சாமி அறையை நீளமாகக் கட்டிவிட்டான் என்ற சிரிப்பு மட்டும்தான் அங்கே போக வேண்டும். அதற்காகத்தான் கண்டக்டரைக்கூட விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தம்பியும் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசிக்கொண்டார்களா என்று இனி யாரையும் கேட்க முடியாது.

மறுநாள் இன்ஜினியரிடம் எட்டுக்கு நாலு என்றேன். ஒரு ஜன்னலும் கொக்கியும் வேண்டும் என்றேன்.

"பூஜை ரூமுக்கு இவ்ளோ நீளமா சார்?"

"கட்டடம் காஞ்சா சுருங்கும் தம்பி."

"கான்கிரீட் அப்படில்லாம் சுருங்காது சார்" என்று அவன் மரியாதையோடு எனக்கு விளக்கத் தொடங்கினான். நான் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன்.

எட்டு வயதில் அந்த அறையின் ஓரத்தில் மண்டியிட்டுச் சாண் போட்டுக்கொண்டிருந்தபோது, அத்தை போய்விடாமல் காவல் காப்பவன் இந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.