ஊசியக்கா டேப்பெட் பார்த்த கதை

ஊசியக்காவின் விரல்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு துணியைத் தடவினால் போதும், அது எத்தனை தடவை துவைத்தது, எந்த வெயிலில் காய்ந்தது, அதைப் போட்டிருந்தவர் போன வாரம் யாரோடு சண்டை போட்டார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு துணிகளைத் தொட்டு, "இதுல ஒரு நூல் கூட" என்பாள். எண்ணிப் பார்த்தால் ஒரு நூல் கூடத்தான் இருக்கும். இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. இரண்டு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை. இவற்றுக்கு நடுவில் நட்ட நடுவாக ஒரு மோட்டார் சைக்கிள். சட்டை போட்டுப் பார்க்கத் திரைக்குள் போகிறவர்கள் வெளியே வரும்போது ஹேண்டில்பாரில் இடித்துக்கொள்ளாமல் வந்ததே இல்லை. கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பே, பள்ளிக்கூடச் சீருடை தைத்த காசில் அக்கா வாங்கிய வண்டி அது. வீட்டுக்குள் முதலில் வந்தது வண்டி, பிறகுதான் புருஷன். அதனால் அக்காவின் அண்ணன் அதற்கு 'மூத்த மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார்.

இளைய மாப்பிள்ளைக்கு நூலகத்தில் வேலை. இருபத்தோரு வருஷமாக அங்கே அவர் பார்த்துவரும் உத்தியோகத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: "உஷ்!" அதனால் ஊரே அவரை உஷ்காரர் என்றுதான் கூப்பிடும். வீட்டில் கெட்டில் விசிலடித்தால்கூட அதைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பார். கெட்டிலும் ஓரிரு தடவை பயந்து அடங்கியிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வந்த சோதனைதான் மூத்த மாப்பிள்ளையின் புதுச் சத்தம். இரண்டு மாதமாக என்ஜின் தலையிலிருந்து டக்கு டக்கு டக்கு என்று, உள்ளே ஒருவர் உட்கார்ந்து டைப் அடிப்பது மாதிரி ஒரு சத்தம். சத்தத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இழுவையும் போய்விட்டது. அண்ணன் வீடு இருப்பது மேட்டுத் தெருவின் உச்சியில். அந்த மேட்டில் எறும்புகூட இளைப்பாறித்தான் ஏறும். போன மாதம் அங்கே போனபோது, பாதி வழியில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. இருவரும் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் கையில் டீக் கோப்பையோடு கேட்டில் சாய்ந்துகொண்டு முழுக்காட்சியையும் பார்த்தார்.

"வா தங்கச்சி! மூத்த மாப்பிள்ளையை நீ தள்ளுற, உன்னை இளைய மாப்பிள்ளை தள்ளுறாரு. நல்ல குடும்பம்!"

"சிரிண்ணா, நல்லா சிரி. வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"சளியில்லம்மா, சாகப் போகுது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பழைய வண்டி வாங்குறாரு. குடுத்துத் தொலைச்சிடு. அந்த இடத்துல இன்னொரு மெஷின் போடலாம்."

"மச்சான் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு…" என்று உஷ்காரர் மெல்ல ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் அவர் தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

"அடுத்த மாசம் முதல் ஞாயிறு," என்றாள் அக்கா. "நாங்க ரெண்டு பேரும் இதே வண்டியில, கால் தரையில படாம, உன் கேட்டு வரைக்கும் வர்றோம். வந்துட்டா நீ இனிமே என் வண்டியப் பத்தி வாயத் திறக்கக் கூடாது."

"வராட்டி?"

கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "வராட்டி உன் ஆளையே கூட்டிட்டு வா. குடுத்துடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கால் கடுக்க பஸ்ஸுக்கு நிற்காமல், யாரிடமும் போய் "கொஞ்சம் கொண்டுபோய் விடுறீங்களா" என்று கேட்காமல், இத்தனை வருஷம் தன் இஷ்டத்துக்குப் போய் வந்தது அந்த வண்டியால்தான். அதை ஒரு வாய்ச்சவடாலில் பந்தயம் கட்டியாயிற்று.

மேட்டுத் தெரு தொடங்கும் முனையில் ஒரு மெக்கானிக் கடை. கடைக்காரர் பேர் யாருக்கும் தெரியாது, 'பார்க்கலாம்' என்றால் தெரியும். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது ஒன்றுதான். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, கை சுத்தம். ஆனால் அவர் காலண்டரில் ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கடவுளுக்கே தெரியாது. போன தடவை ஒரு மணி நேர வேலைக்கு ஒன்பது நாள் வண்டியை வைத்துக்கொண்டு, கூலியோடு 'நிறுத்தி வைத்த செலவு' என்று ஒன்றையும் சேர்த்து வாங்கினார். பந்தய ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை அக்கா அங்கே வண்டியோடு போய் நின்றாள்.

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "டேப்பெட் லூஸாயிருக்குக்கா. உள்ள ரெண்டு வால்வு இருக்கு. ஒண்ணு மூச்சை இழுக்க, ஒண்ணு விட. அதைத் தட்டுற கைக்கும் வால்வுக்கும் நடுவுல துளியூண்டு சந்து இருக்கணும். அந்தச் சந்து பெருசாயிடுச்சு."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிடுமா?"

"பார்க்கலாம்."

"ஞாயிறு காலைக்குள்ளயாவது?"

"பார்க்கலாம்க்கா. எப்படியும் அடுத்த புதன் ஆயிடும்."

"துளியூண்டு சந்துன்னா எவ்வளவு?"

"ஒரு தலைமுடி இருக்கும். அதெல்லாம் கைப்பழக்கம்க்கா, விரலுக்குத் தெரியணும்."

விரலுக்குத் தெரியணுமா? யாரிடம் வந்து என்ன சொல்கிறார் இந்த ஆள்! அக்கா வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை உஷ்காரர் நூலகத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் புத்தகத்தைத் தேடி எடுத்தார். வெளியே எடுத்துப் போகக் கூடாத அலமாரிப் புத்தகம் அது. அமைச்சரே வந்து கேட்டாலும் தரமாட்டேன் என்று இருபத்தோரு வருஷமாகச் சொல்லி வந்தவர், பெண்டாட்டிக்காக மட்டும் மாற்ற முடியுமா? உட்கார்ந்து கையால் எழுதினார். ஒரு பக்கம் முடியும்போது மூடும் மணி அடித்தது. பக்கத்தைப் புரட்டாமல் மூடிவிட்டு வந்தார். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அந்த மணிதான்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு அக்கா தரையில் பழைய போர்வையை விரித்தாள். ஸ்பேனர் இரண்டு, ஸ்க்ரூடிரைவர் ஒன்று, விசிறி மாதிரி விரியும் மெல்லிய அளவுத் தகடுகள் ஒரு கொத்து. உஷ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையெழுத்தைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"என்ஜின் நல்லா ஆறியிருக்கணும்… மேல ரெண்டு மூடியையும் கழட்டணும்… பக்கத்து மூடியைத் திறந்து, உள்ள இருக்கிற சக்கரத்துக் கோடு நேரா வர்ற வரைக்கும் மெதுவா சுத்தணும்…"

"என்னங்க, என்ஜினுக்குக் கேட்டுடும்னு ரகசியமா சொல்றீங்களா? கொஞ்சம் சத்தமாப் படிங்க!"

"இது சத்தமாத்தாம்மா."

"இதுவா? கொசு கொட்டாவி விட்ட மாதிரி இருக்கு."

கோடு நேராக வந்தது. ஆட்டிப் பார்த்தால் வால்வைத் தட்டும் இரண்டு கைகளும் லேசாக ஆடின. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு மில்லிமீட்டர் என்று சீட்டில் எழுதியிருந்த தகட்டைச் சந்துக்குள் விட்டாள். காலியான பஸ்ஸில் ஏறினவர் மாதிரி அது தாராளமாக உலாவியது. நட்டைத் தளர்த்தி, திருகைத் துளித் துளியாக இறக்கினாள். தையல் மெஷின் காலுக்கு அடியில் பட்டுத்துணியை இழுக்கும்போது லேசாக ஒரு பிடிப்பு தெரியுமே, அதே பிடிப்பு விரலில் தட்டியது. "ஆங்! இதுதான்!" நட்டை இறுக்கினாள். மற்றதையும் அப்படியே வைத்தாள். மூடிகளைப் போட்டு, கிக்கரை மிதித்தாள். வண்டி புறப்பட்டது பாருங்கள், புதுசு கெட்டது!

அக்கா குதித்தாள். உஷ்காரர் குதிக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் சத்தம் வருதே."

"எங்க வருது?"

"நல்லாக் கேளு. டிக்கு, டிக்கு, டிக்குனு."

நூலகத்தில் மூன்றாவது அலமாரிக்குப் பின்னால் மிட்டாய்த் தாள் பிரித்தால் வாசலிலிருந்து பிடித்துவிடும் காது அது. உண்மையில் ரொம்பச் சின்னதாக ஒரு டிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அக்காவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. தகட்டைத் தூக்கிப் போட்டாள், என் விரலை விடத் தகடு பெரிசா என்று. என்ஜினை அணைத்து, மூடிகளைத் திறந்து, அரை நூல் இறுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் உஷ்காரர்.

இன்னும் அரை நூல். கிக்கரை மிதித்தால், டிக்கும் இல்லை, டக்கும் இல்லை. நூலகமே தோற்றுப்போகும் அமைதி. உஷ்காரர் கண்ணை மூடி, கோயில் கர்ப்பக்கிரகத்தில் நிற்பவர் போல நின்றார். "இப்பத்தாம்மா வண்டி!"

சாயங்காலம் வெள்ளோட்டம். தெருவில் அவர்கள் போனதே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு மௌனம். மேட்டில் கால்வாசி தூரம் ஏறியது. அரைவாசி வந்தபோது இருமியது. அப்புறம் படுத்துவிட்டது. கிக்கரை மிதித்தால் தலையணையை மிதித்த மாதிரி, எதிர்ப்பே இல்லாமல் தொபுக்கென்று இறங்கியது. இருபது நிமிஷம் ஓரமாக நின்று ஆறிய பிறகு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி புறப்பட்டது. சூடேறியதும் மறுபடி படுத்தது.

இறக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். அக்கா பேசவேயில்லை. அக்கா பேசாமல் இருந்து உஷ்காரர் பார்த்ததேயில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை.

"நான்தான் இறுக்கச் சொன்னேன்," என்றார்.

"இறுக்குனது என் கைதானே," என்றாள். வண்டியின் டாங்கைத் துணியால் துடைத்தாள். நாளைக்கு அதை வேறொருவர் துடைப்பார் என்று நினைத்தவுடன், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

ஞாயிறு காலை. மச்சான் வீட்டுக்குப் போக, அக்கா தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார் உஷ்காரர். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. அவரைச் சட்டைக்குள் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. கவலை வந்தால் அவருக்குப் பசி இரண்டு மடங்காகும். ஆறு ரொட்டி, மூன்று முட்டை, மேலே ஒரு சொம்புத் தண்ணீர். நாற்காலியில் சாய்ந்தார். பட்! வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் தெறித்துப் பறந்து, கண்ணாடியில் மோதி, மூத்த மாப்பிள்ளையின் சீட்டில் போய் உட்கார்ந்தது.

"ஐயையோ, சட்டை சின்னதாப் போச்சேம்மா!"

"சட்டை சின்னதாகல. உங்களுக்கு வெறும் வயித்துல அளவெடுத்துட்டேன். சாப்பிட்டா வயிறு உப்பும்ல, அதுக்குக் கொஞ்சம் லூஸ் விட்டிருக்கணும். நேத்து இருந்த கவலையில…"

அக்கா அப்படியே நின்றாள். பொத்தானைப் பார்த்தாள். பொத்தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"என்னங்க! நேத்து வண்டிக்கும் வெறும் வயித்துலதானே அளவெடுத்தோம்?"

"வண்டி எப்பம்மா சாப்பிட்டுச்சு?"

"சூடாச்சே! சூடானா இரும்பு உப்பும். உப்புனா அந்தச் சந்து அடைஞ்சு போகும். வாயை மூட முடியாம வால்வு திறந்தே நிக்கும். அப்புறம் எங்கேருந்து மூச்சுப் பிடிச்சு மேடு ஏறும்? அந்த டிக்கு டிக்கு சத்தம்தாங்க அதுக்கு நாம விட்ட லூஸு! அதை இறுக்கிக் கொன்னுட்டு அமைதி அமைதின்னு சாமி கும்பிட்டோம்!"

"நான் புரட்டாம வந்த பக்கத்துல அதைத்தான் எழுதியிருக்கும்," என்று உஷ்காரர் தலையில் தட்டிக்கொண்டார்.

இரவெல்லாம் நின்று வண்டி நன்றாக ஆறியிருந்தது. அக்கா புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்கிப்போட்ட தகட்டை மெஷினுக்கு அடியிலிருந்து தேடி எடுத்து, தூசி ஊதி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மன்னிப்பு கேட்டாளாம். கோடு நேராக, தகடு உள்ளே, பட்டுத்துணிப் பிடிப்பு, நட்டு, மூடி. இருபத்தைந்தே நிமிஷம். கிக்கர் இந்தத் தடவை காலைத் திருப்பி உதைத்தது. டிக்கு, டிக்கு, டிக்கு. உஷ்காரரின் விரல் பழக்கத்தில் உதட்டை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தி, அந்த விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

மேட்டு முனையில் 'பார்க்கலாம்' தன் கடை வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டதும் பிரஷ் நின்றது.

"அக்கா! டேப்பெட் பக்காவா இருக்கே! யாரு வெச்சது? சொல்லிட்டுப் போங்கக்கா!"

"பார்க்கலாம்!" என்று கத்திக்கொண்டே அக்கா கியரைக் குறைத்தாள்.

கால்வாசி. உஷ்காரர் வயிற்றை எக்கிக்கொண்டார், கனம் குறையட்டும் என்று. அரைவாசி. நேற்றுப் படுத்த இடம். அக்காவின் கால்கள் ஃபுட்ரெஸ்டை இறுக்கிக்கொண்டன. டிக்கு, டிக்கு, டிக்கு. என்ஜின் சூடேறச் சூடேற வண்டிக்கு வெறி ஏறியதே தவிர இருமல் வரவில்லை. நடந்து போன இருவரையும், சைக்கிளைத் தள்ளிப் போன ஒருவரையும் தாண்டியது. எதிரே வந்த நாய் ஒன்று மரியாதையாக ஒதுங்கி நின்றது. முக்கால். வீடு தெரிந்தது. கேட்டில் அண்ணன், பக்கத்தில் கையில் பையோடு பழைய வண்டி வாங்குபவர்.

கால் தரையில் படாமல் வந்து, கேட்டை முன்சக்கரம் முத்தமிட நிறுத்தினாள் அக்கா. என்ஜினை அணைக்கவில்லை.

அண்ணனுக்குத் தோற்பதென்றால் வேப்பங்காய். "வந்தது வந்தீங்க, சரி. ஆனா என்னம்மா அது உள்ள டிக்கு டிக்குனு? ஏதோ கழண்டு ஆடுதே! ரெண்டு நாள்ல…"

வண்டி வாங்குபவர் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோனார். நிமிர்ந்தார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என்னை எதுக்குங்க வரச் சொன்னீங்க? இப்படி ஓடுற வண்டியை யாராவது விப்பாங்களா?"

"அப்ப அந்தச் சத்தம்?" என்று அண்ணன் விடவில்லை. "அது என்ன சத்தம்னுதான் கேக்குறேன், அதைச் சொல்லுங்க, அது…"

பின்சீட்டிலிருந்து இறங்கினார் உஷ்காரர். ஒரு பொத்தான் இல்லாத புதுச் சட்டையோடு, நெஞ்சை நிமிர்த்தி, மச்சான் முகத்துக்கு நேராக விரலை உயர்த்தி உதட்டில் வைத்தார்.

"உஷ்! மச்சான், அது பாடுறப்ப பேசாதீங்க."