கரும்பலகையின் கீழ்ப்பாதி

இணுவிலுக்கு அப்பால் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியபோது எனக்கு இருபது வயது. என் வகுப்பில் ஆறு வாங்குகள், அவற்றுக்கு முன்னால் உயரமான மேசைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், வாசலோரம், வெறும் நிலத்தில் நான்கு பிள்ளைகள். அவர்களுடைய சாதியார் வாங்கில் இருக்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த நால்வரில் ஒருத்திக்கு ஒன்பது வயதிருக்கும். கரும்பலகையில் ஐந்து கணக்கு எழுதினால் இரண்டுதான் அவள் சிலேட்டில் இருக்கும். சோம்பல், பஞ்சி என்று நினைத்து எத்தனையோ தடவை உள்ளங்கையில் அடித்திருக்கிறேன். அழமாட்டாள்.

பிறகு, எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தது. அவளையும் மற்ற மூவரையும் கடைசி வாங்கில் இருத்தினேன். அன்றைக்கே ஐந்து கணக்கையும் செய்து சிலேட்டை நீட்டினாள். ஐந்தும் சரி.

"இவ்வளவு நாளும் ஏன் முழுக்கச் செய்யேல்லை?"

"கீழை எழுதிறது தெரியிறேல்லை, வாத்தியார். முன்னுக்கு இருக்கிற ஆக்கள் மறைக்கினம்."

பிள்ளைகள் போனபின் அவளுடைய பழைய இடத்தில் குந்திப் பார்த்தேன். ஆளில்லாத மேசைகளே பலகையின் அடியை மறைத்தன.

அடுத்த கிழமை மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் திரண்டு வந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டுத் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வாங்கு மேசையளைத் தூக்கி வெளியிலை போடும். எல்லாரும் நிலத்திலை இருக்கட்டும். அவையள் பழையபடி வாசலடியிலை. உத்தரவும் சரி, ஊரும் சரி."

"பின்னுக்கு இருந்தால் பலகை தெரியாது, ஐயா."

"உமக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?"

வேண்டும். நானே தூக்கினேன். அவளுடைய வாங்குக்கு நான் வருமுன்னரே சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலடிக்குப் போய்விட்டாள்.

பலகையை ஒரு முழம் உயர்த்தி மாட்ட ஓர் ஆணி போதும். அதையாவது அடித்திருக்கலாம். ஏன் என்று யாராவது கேட்பார்களோ என்ற பயத்தில் அதையும் செய்யவில்லை.

ஒரு மாதத்தில் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பிறகொருநாள் புகையிலைத் தோட்டமொன்றில் அவளைத் தாயோடு கண்டு, சைக்கிளை நிறுத்தினேன்.

"பிள்ளையை ஏன் அனுப்பேல்லை?"

"அவளுக்குப் படிப்பு ஏறாது எண்டு போன வருசம் நீங்கள்தானே சொன்னனீங்கள், ஐயா?" என்றாள் தாய்.

சொன்னது நான்தான். அவள் கெட்டிக்காரி, பிழை என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்துச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றார். ஆமென்று தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.